தோளில் ஒட்டாத துப்பாக்கிதான் உதைக்கும்

வாசகர் கேள்வி – பதில்

ட்ராப், ஸ்கீட் என்று பறக்கும் தட்டுகளைச் சுடும் பயிற்சியில் இறங்கிய வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: ஷாட்கன் உதைக்கிறது, தாங்க முடியவில்லை. பதில்கள் வலது தோளில் வைத்துச் சுடுபவருக்காக எழுதப்பட்டவை. இடது கைக்காரர்கள் இடம் வலமாக மாற்றிப் படித்துக்கொள்ளலாம். எதையும் அளந்து பார்க்கும் முன் துப்பாக்கியைத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் ஒருமுறையும் விரலால் ஒருமுறையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நானும் நண்பரும் ஒரே துப்பாக்கியில் ஒரே பெட்டித் தோட்டாக்களைச் சுடுகிறோம். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்கு 25 தோட்டா முடிவதற்குள் தோள் கன்றிப்போகிறது. என் உடல்வாகுதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. துப்பாக்கி பின்னால் வரும் வேகம் தோட்டாவையும் துப்பாக்கியின் எடையையும் பொறுத்தது. சுடுபவர் யார் என்பது அதற்குத் தெரியாது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்; எண் கூடினால் குழல் சிறிது) தோட்டாவில் 24 கிராம் ரவை, அதாவது சிறு குண்டுகள், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வாட் இரண்டரை கிராம், இரண்டும் நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகின்றன. ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவான வெடிமருந்து வாயுவாகி அதைவிட வேகமாகப் போகிறது. இவற்றின் உந்தத்தை 3.5 கிலோ துப்பாக்கி பின்னோக்கி வாங்கிக்கொண்டால் அதன் வேகம் நொடிக்கு 3.3 மீட்டர், ஆற்றல் சுமார் 19 ஜூல். ரவையை 28 கிராமாக்கினால் அதே துப்பாக்கியில் 24 ஜூல். உங்களுக்கும் நண்பருக்கும் இந்த எண் ஒன்றுதான்.

வேறுபாடு அந்த 19 ஜூலை உடம்பு எப்படி வாங்குகிறது என்பதில் இருக்கிறது. ரவை குழலை விட்டு வெளியேற ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகிறது. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது 5 மி.மீ. மட்டுமே. கட்டைக்கும் (தோளில் வைக்கும் மரப் பின்பகுதி) தோளுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி இருந்தால், துப்பாக்கி யாரும் தடுக்காமல் முழு வேகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து மோதும். அது அடி. கட்டை முதலிலேயே சதையில் அழுந்தியிருந்தால் தோளும் மேலுடம்பும் தொடக்கத்திலிருந்தே அதனுடன் சேர்ந்து பின்னால் போகும். அது தள்ளல். எண்ணில் சொன்னால், 19 ஜூலை 1 செ.மீ. தூரத்தில் நிறுத்த சராசரி 1,900 நியூட்டன் விசை வேண்டும், 5 செ.மீ. தூரத்தில் நிறுத்த 380 போதும். உங்கள் நண்பர் அந்தச் சில சென்டிமீட்டர்களைத் துப்பாக்கிக்குக் கொடுக்கிறார். நீங்கள் கொடுப்பதில்லை.

பரப்பும் முக்கியம். கட்டையின் பின்முகத்தில் உள்ள ரப்பர் பேட் சுமார் 13 செ.மீ. உயரம், 4 செ.மீ. அகலம். அது முழுவதும் தோளில் படிந்தால் ஒரு கணக்கு. கீழ்முனை மட்டும் குத்தி நின்றால், அதே விசை மூன்றில் ஒரு பங்கு இடத்தில் இறங்குகிறது.

கன்றிய இடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். மேற்கையில் நீலம் பாய்ந்திருந்தால் கட்டை தோள்குழியை விட்டு வெளியே, கையின் மேல் உட்கார்கிறது: கட்டை நீளம் அதிகம், அல்லது நீங்கள் இலக்குக்கு அளவுக்கு மீறிப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறீர்கள். காறை எலும்பு வலித்தால் கட்டை கழுத்தை நெருங்கி அல்லது மேலே ஏறி இருக்கிறது. மார்புச் சதையில் சிறிய, ஆழமான காயம் என்றால் கீழ்முனை குத்துகிறது. கன்னம் என்றால் அது வேறு கதை. கீழே ஒரு கேள்வியில் வருகிறது.

கேள்வி: விசையில் (டிரிகர்) விரலை வைத்துக் கட்டையை முன்கையோடு சேர்த்து, அதன் பின்பக்கம் முழங்கை மடிப்பைத் தொட்டால் நீளம் சரி என்கிறார்கள். எனக்குத் தொடுகிறது. ஆனாலும் உதைக்கிறதே?

அந்தச் சோதனை உங்கள் முன்கை நீளத்தை அளக்கிறது, அவ்வளவுதான். கழுத்து நீளமா குட்டையா, மார்பு எவ்வளவு அகலம், தலையை எவ்வளவு முன்னால் நீட்டுகிறீர்கள், என்ன உடை போட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் கட்டை நீளத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே முன்கை உள்ள இருவருக்கு 20 மி.மீ. வித்தியாசப்படுவது சாதாரணம். தயவுசெய்து இந்தச் சோதனையை நம்பி மரத்தை அறுத்துவிடாதீர்கள்.

கட்டை நீளம் என்பது விசையின் நடுவிலிருந்து பேடின் பின்பக்க நடுப்புள்ளி வரை. தொழிற்சாலையிலிருந்து வருபவை பெரும்பாலும் 360 முதல் 375 மி.மீ. வரை இருக்கும். உங்களுக்குச் சரியா என்று பார்க்க, வழக்கமாகச் சுடும் உடையை அணிந்துகொண்டு, கண்ணை மூடி, இயல்பாகத் துப்பாக்கியைத் தோளுக்கு எடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று, உங்கள் வலது கட்டைவிரலின் பின்பகுதிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கட்டும். 25 முதல் 40 மி.மீ., அதாவது ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் இருந்தால் நல்லது.

குட்டையான கட்டையில் கட்டைவிரல் மூக்கை இடிக்கும், முகம் உலோகப் பகுதிக்கு அருகில் போகும், உடம்பு தன்னையறியாமல் துப்பாக்கியைத் தோளிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்கும். அங்கேதான் நாம் மேலே பார்த்த இடைவெளி உண்டாகிறது. நீளமான கட்டை தோளுக்கு வரும் வழியில் அக்குளிலோ உடையிலோ மாட்டும். அவசரத்தில் அதைக் கையின் மேல் வைத்துவிடுவீர்கள். இரண்டில் நீளம் சற்று அதிகமாக இருப்பதைத்தான் உடம்பு பொறுத்துக்கொள்கிறது. குட்டைக் கட்டையில் 100 தோட்டா சுட்டவர் முகம் சொல்லிவிடும்.

கேள்வி: தோளில் வலியே இல்லை. கன்ன எலும்பில்தான் ஒவ்வொரு முறையும் அறை விழுகிறது. ஏன்?

இதற்குக் காரணங்கள் பல. அடிக்கடி காணப்படுவது கன்னம் கட்டையில் படியாமல் நிற்பது. தோளில் சொன்ன இடைவெளிக் கணக்குதான் கன்னத்திலும்: தொட்டும் தொடாமலும் இருக்கும் கன்னத்தை, எழும்பி வரும் மரம் அடிக்கிறது.

ஏன் படிவதில்லை? கன்னம் படியும் மேல்விளிம்பு, காம்ப் என்பார்கள், உங்களுக்குத் தாழ்வாக இருக்கலாம். குழலின் மேல் ஓடும் பட்டையின் நேர்கோட்டிலிருந்து இந்த விளிம்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை டிராப் (drop) என்கிறோம். சாதாரணத் துப்பாக்கியில் காம்பின் முன்முனையில் 35 முதல் 38 மி.மீ., பின்முனையில் 55 முதல் 60 மி.மீ. இருக்கும். இது உங்கள் முகத்துக்கு அதிகம் என்றால், கன்னத்தை முழுக்கப் பதித்ததும் கண்ணுக்குத் துப்பாக்கியின் பின்பகுதி மட்டும் தெரியும், குழல் மறைந்துவிடும். பார்க்க வேண்டுமே என்று தலையைத் தூக்குவீர்கள். கன்னம் காற்றில், தாடை மட்டும் மரத்தில். அடுத்த நொடி அறை.

முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள அந்த 20 மி.மீ. சரிவும் தன் பங்கைச் செய்கிறது. துப்பாக்கி நேராகப் பின்னால் வரும்போது, காம்பின் உயரமான முன்பகுதி உங்கள் கன்னம் இருக்கும் இடத்துக்கு வருகிறது. சரிவு எவ்வளவு செங்குத்தோ, கன்னம் அவ்வளவு மேலே தள்ளப்படுகிறது. பட்டைக்கு இணையாக, சரிவில்லாமல் செய்த காம்ப் கன்னத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ட்ராப் (trap) போட்டித் துப்பாக்கிகளில் இணைக் காம்ப் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டிராப் கூடக்கூட இன்னொரு தொல்லை உண்டு: குழலின் அச்சுக்குக் கீழே தோள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு முனை மேலே எகிறும், கட்டையும் கூடவே முகத்தை நோக்கி எழும்.

அடுத்தது காஸ்ட், அதாவது கட்டை பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவு. வலது கைக்காரருக்கு வலப்பக்கமாக, மேல்முனையில் 3 முதல் 6 மி.மீ., கீழ்முனையில் இன்னும் சற்றுக் கூடுதலாக. அது போதாதென்றால் கண்ணைப் பட்டையின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவரத் தலையைச் சாய்த்து மரத்தின் மேல் ஏற்றுவீர்கள். கன்ன எலும்பு நேராக மரத்தின் மேல் உட்காரும். அகன்ற முகம் உள்ளவர்களுக்கு இது சகஜம். ஆனால் காஸ்ட் மிதமிஞ்சினாலும் கேடுதான். பின்னால் வரும் துப்பாக்கியில் காம்பின் முன்பகுதி முகத்துப் பக்கமாக நெருங்கி வரும்.

கட்டை அளவெல்லாம் சரியாக இருந்தும் தலை தானாகத் தூக்கிக்கொண்டால் கண்ணைச் சோதியுங்கள். இரு கண்ணும் திறந்து, தூரத்துப் பொருள் ஒன்றை நீட்டிய விரலால் சுட்டுங்கள். வலக் கண்ணை மூடியும் விரல் அந்தப் பொருளின் மேலேயே நின்றால் உங்கள் முதன்மைக் கண் இடது. வலது தோளில் சுடும்போது அந்தக் கண் பட்டையைத் தேடிக்கொண்டே இருக்கும், தலை உருண்டு எழும். கண்ணாடியின் இடப்பக்கக் கண்மணிக்கு நேராகச் சிறிய மங்கல் ஸ்டிக்கர் ஒட்டிப் பாருங்கள். வயது குறைவென்றால் இடது தோளுக்கே மாறிவிடுவது நீண்ட காலத்துக்கு நல்லது.

கேள்வி: துப்பாக்கியைத் தோளுக்கு எடுப்பதன் சரியான முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

காலிலிருந்து தொடங்குவோம். கால்கள் தோள் அகலத்துக்குக் குறைவாக, இடது கால் முன்னே. உடம்பு இலக்கின் திசைக்கு 30 முதல் 45 பாகை திரும்பியிருக்கட்டும். எடையில் பாதிக்குச் சற்று அதிகம், 55 முதல் 60 சதவீதம், முன்காலில். இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்தால் மூக்கு முன்கால் விரல்களுக்கு மேல் வரும். முழங்காலைப் பூட்ட வேண்டாம், ஆழமாக மடக்கவும் வேண்டாம். பின்னால் சாய்ந்து நிற்பவர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓரடி பின்வாங்குவார். துப்பாக்கியின் கனத்தை முதுகால் சமன் செய்ய முயலும் புதியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நிற்பார்கள்.

இப்போது துப்பாக்கி. கட்டையின் மேல்முனை அக்குளுக்குச் சற்றுக் கீழே, முன்கைக்கும் விலாவுக்கும் நடுவில். குழல்முனை, கண் பார்க்கும் கோட்டுக்குச் சற்றே கீழ். அங்கிருந்து இரண்டு கைகளும் ஒன்றாக எழ வேண்டும். முன்னால் பிடித்திருக்கும் இடது கை துப்பாக்கியை இலக்கை நோக்கித் தள்ளுகிறது, பின்கை, அதாவது வலது கை, கட்டையைக் கன்னத்துக்குத் தூக்குகிறது. குழல்முனை முழு நேரமும் இலக்கின் பாதையிலேயே இருக்க வேண்டும். கட்டை கன்ன எலும்பின் அடியில் வந்து சேர்ந்ததும் தோள் முன்னால் நகர்ந்து பேடைச் சந்திக்கிறது. முதலில் கன்னம், பிறகு தோள். இந்த வரிசைதான் எல்லாவற்றிலும் பெரியது. தோளில் முதலில் வைத்துவிட்டுத் தலையை இறக்கினால் கழுத்து ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவுக்கு வளையும், கன்னத்தின் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும்.

பின்கை மட்டும் வேலை செய்தால் என்ன ஆகும் என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள். கட்டை மேலே போகும், குழல்முனை கீழே தாழும், பிறகு திரும்ப எழும். அந்த அவசரத்தில் கட்டை எங்கே போய் உட்காரும் என்பது யார் கையிலும் இல்லை.

வலது முழங்கையைத் தரைக்கு 45 பாகை அளவில் வெளியே வைத்தால் காறை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்ளே ஒரு குழி உண்டாகும். பேட் அங்கேதான் உட்கார வேண்டும். முழங்கை உடம்போடு ஒட்டித் தொங்கினால் குழி மூடிவிடும், கட்டை வெளியே நழுவும். மிக உயரத் தூக்கினால் கழுத்துத் தசை விறைத்துக்கொள்ளும். சுடும் நொடியில் பற்களைச் சேர்த்துவைத்திருங்கள். திறந்த வாயில் கன்னம் தளர்ந்து கிடக்கும்.

எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். துப்பாக்கியைத் தோளோடு சேர்த்து வைக்கும் வேலை பின்கையின் கடைசி மூன்று விரல்களுடையது. அவை உறுதியாக இருக்கட்டும். முன்னால் உள்ள இடது கை மரத்தை உள்ளங்கையில் ஏந்தி, நழுவாத அளவுக்குப் பிடித்தால் உதைப்பில் ஒரு பங்கை அதுவும் வாங்கிக்கொள்ளும். விரல்மூட்டு வெளுக்கும் அளவுக்கு நெரித்தால் துப்பாக்கி இலக்கின் பின்னால் சீராக ஓடாது, தட்டுக்குப் பின்னால் சுடுவீர்கள்.

காலித் துப்பாக்கியுடன் தினமும் 20 முறை, மிக மெதுவாக. வேகம் பிறகு வரும்.

கேள்வி: என் மகள் ஒல்லியாக இருப்பாள். 12 போர் உதைக்குமே என்று, எடை குறைந்த 20 போர் வாங்க எண்ணுகிறேன். சரியா?

எந்தத் தோட்டாவை, எந்த எடையில் சுடப்போகிறாள் என்று பாருங்கள். போர் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். 24 கிராம் ரவை 400 மீட்டர் வேகத்தில் போனால் 3.5 கிலோ 12 போரில் 19 ஜூல் என்று பார்த்தோம். அதே 24 கிராமை 2.7 கிலோ 20 போரில் சுட்டால் 24 ஜூல். அதாவது 12 போரில் 28 கிராம் சுடுவதற்குச் சமம். இலகுவான துப்பாக்கி தூக்கச் சுகம், சுடத் துன்பம்.

எடையை அவளால் நிமிர்ந்து நின்று தாங்க முடிந்தால் 12 போரிலேயே 21 கிராம் தோட்டா, அல்லது நொடிக்கு 350 மீட்டர் அளவில் போகும் மெதுவான 24 கிராம் தோட்டா நல்ல தொடக்கம். வேகத்தை 400-லிருந்து 350-க்குக் குறைத்தாலே ஆற்றல் ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடும். எடை தாங்கவில்லை, 10 நிமிடத்தில் முதுகு பின்னால் வளைகிறது என்றால், 20 போர்தான் வழி; அப்போது தோட்டாவையும் இலகுவாக்குங்கள். எதுவானாலும் கட்டையை அவள் அளவுக்கு மாற்றிய பிறகே முதல் தோட்டா. பெரியவர் துப்பாக்கியைக் கொடுத்து முதல் நாளே அடி வாங்கவைத்தால் அந்தப் பிள்ளை திரும்ப வராது.

ஒரு எச்சரிக்கை. 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பையில் ஒருபோதும் இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நின்றுவிடும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

கேள்வி: பெண் சுடுநர் நான். பேடின் கீழ்முனை மார்பில் குத்துகிறது. கட்டையைக் குறைத்தும் பயனில்லை.

நீளத்தில் கை வைத்தது போதும், கோணத்தைப் பாருங்கள். கட்டையின் பின்முகம் குழலின் கோட்டுக்குச் சரியான செங்குத்தாக இல்லாமல், கீழ்முனை சற்று உள்வாங்கி இருக்க வேண்டும். இதன் பெயர் பிட்ச். இது போதாவிட்டால் கீழ்முனை முதலில் தொடும். தொடும் புள்ளி தாழ்ந்துவிடுவதால் குழல்முனையும் அதிகம் எகிறும். அளவுக்கு மீறினால் மேல்முனை மட்டும் தாங்கும்.

அளப்பது எளிது. காலித் துப்பாக்கியை மூடி, பேட் முழுவதும் தரையில் படியும்படி சுவரோரம் நிறுத்துங்கள். துப்பாக்கியின் உடற்பகுதியின், அதாவது குழலுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள உலோகப் பகுதியின், மேல்பக்கம் சுவரைத் தொடட்டும். குழல்முனைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி பிட்ச். பல துப்பாக்கிகளில் இது 25 முதல் 50 மி.மீ. வரை இருக்கும்; உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். சோதித்துப் பார்க்க, பேடின் மேல் திருகைத் தளர்த்தி, மரத்துக்கும் பேடுக்கும் நடுவே 2 மி.மீ. வாஷர் வையுங்கள். ஏறக்குறைய 1 பாகை மாறும். துப்பாக்கியைத் தோளில் வைத்து, பக்கத்திலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: பேடுக்கும் உடைக்கும் நடுவே மேலும் கீழும் வெளிச்சம் தெரியக் கூடாது.

கூடவே கீழ்முனையைச் சில மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக, அக்குளை நோக்கித் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள். மார்பின் சரிவு அப்படித்தான் போகிறது. கட்டை நேராக இருந்தால் அதன் உள்விளிம்பு வெட்டும். ஆண்களிலும் நெஞ்சு அகன்றவர்களுக்கு இந்த மாற்றம் உதவும். தொழிற்சாலைகள் கட்டை நீளத்தைப் பற்றி இவ்வளவு பேசி, பிட்சை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே வைப்பது வருத்தத்துக்குரியது.

கேள்வி: விசைக் காப்பு வளையம் நடுவிரலைக் கிழிக்கிறது.

நடுவிரலை வளையத்தின் பின்பக்கத்தோடு ஒட்டிவைக்கிறீர்கள், அல்லது பிடி தளர்ந்து துப்பாக்கி கைக்குள் ஓடுகிறது. கையைப் பிடியில் 5 மி.மீ. பின்னுக்கு வாங்கி, மூன்று விரல்களையும் உறுதியாக மடக்குங்கள். விரலுக்கும் வளையத்துக்கும் நடுவே இடம் வராவிட்டால் கட்டை உங்களுக்குக் குட்டை, அல்லது பிடியின் வளைவு உங்கள் கைக்கு நெருக்கம்.

கேள்வி: 25 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ரப்பர் பேட் பொருத்தினேன். உதைப்பு குறைந்தது, ஆனால் துப்பாக்கி உடையில் மாட்டுகிறது, தட்டுகளுக்குக் கீழே சுடுகிறேன்.

பழைய பேட் 12 மி.மீ. என்றால் கட்டை இப்போது 13 மி.மீ. நீண்டுவிட்டது. சரிவான காம்பில் உங்கள் கன்னம் பின்னால், அதாவது தாழ்ந்த இடத்தில் உட்காருகிறது. கண் தாழ்ந்தால் குண்டும் தாழும். மரத்தில் அந்த 13 மி.மீ. குறைக்கப்பட வேண்டும்.

மாட்டுவதற்கு ரப்பரின் ஒட்டும் தன்மை காரணம். மேல்முனையின் கூரிய விளிம்பை உருட்டித் தேய்த்து, அந்த இடத்தில் வழுவழுப்பான நாடா ஒட்டுங்கள். மேல்முனையில் கடினப் பிளாஸ்டிக் பதித்த பேடுகளும் உண்டு; ஸ்கீட்டில் துப்பாக்கியைத் தாழ வைத்திருந்து தட்டு தெரிந்ததும் எடுப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. துப்பாக்கியை முதலிலேயே தோளில் வைத்துக்கொண்டு தட்டை அழைக்கும் ட்ராப்பில் இந்தப் பிரச்சினை பெரிதல்ல. அங்கே ஒட்டும் ரப்பர் நழுவாமல் காப்பாற்றும்.

கேள்வி: குழலில் துளையிடுதல், கட்டைக்குள் எடை வைத்தல், வாயுவால் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோ: இவற்றில் எதற்குப் பணம் செலவழிக்கலாம்?

வாயுவால் இயங்கும் செமி ஆட்டோ உண்மையாகவே வேறுபாடு காட்டும். மொத்த உந்தம் மாறாது. பூட்டு (போல்ட்) பின்னால் ஓடி ஸ்பிரிங்கை அழுத்துவதில் அது அதிக நேரத்துக்குப் பரவுகிறது, உச்ச விசை குறைகிறது. எடை சேர்ப்பதும் நேர்மையான வழி: 3.2 கிலோ துப்பாக்கியில் 300 கிராம் சேர்த்தால் ஆற்றல் 9 சதவீதம் அளவுக்குக் குறையும். முழுவதையும் கட்டைக்குள் திணித்தால் முனை இலகுவாகி அலைபாயும். முன்னும் பின்னும் பிரித்து வையுங்கள். குழல் துளைகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஷாட்கனில் முனையை அடையும்போது வாயு அழுத்தம் ரைஃபிளைவிட மிகக் குறைவு, அதனால் கிடைக்கும் பயனும் சிறிது. பக்கத்தில் நிற்பவர் காதுக்குச் சத்தம்தான் கூடுகிறது. இவை எல்லாமே கட்டையின் அளவைச் சரிசெய்த பிறகு யோசிக்க வேண்டியவை.

கேள்வி: வலி போய்விட்டது. ஆனால் சுடும் நொடியில் கண் மூடுகிறது, முனை துள்ளுகிறது. விசையை அழுத்த முடியாமல் சில நேரம் உறைந்து நிற்கிறேன்.

உடம்பு அடியை எதிர்பார்த்துத் தயாராகிறது. உறுதி செய்ய, கண்ணில் படாமல் உதவியாளர் ஒருவர் துப்பாக்கியில் தோட்டாவோ போலித் தோட்டாவோ மாற்றி மாற்றிப் போடட்டும். போலி வந்த நேரத்தில் முனை கீழே குத்தினால் சந்தேகமே இல்லை.

சத்தத்தை முதலில் கவனியுங்கள். ஷாட்கனின் உச்ச ஒலி 150 டெசிபெலுக்கு மேல். பலர் உதைப்பு என்று நினைப்பதில் பாதி காதுக்கு வரும் அதிர்ச்சி. காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, இரண்டும் சேர்ந்து போடுங்கள். பிறகு 21 கிராம் அல்லது மெதுவான 24 கிராம் தோட்டாவுக்கு இறங்கி, ஒரு நாளைக்கு 25 முதல் 50 வரை நிறுத்திக்கொள்ளுங்கள். களைத்த தோளில் சுடும் கடைசி 25 தோட்டா, அன்று காலை கற்ற நல்ல பழக்கத்தை அழித்துவிடும். இலகுவான தோட்டாவுக்கு மாறுவதில் கூச்சமே வேண்டாம். ஒலிம்பிக் ட்ராப்பிலும் ஸ்கீட்டிலும் சுடுவது 24 கிராம்தான்.

கேள்வி: கட்டையை அறுப்பதற்கு முன் வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

உண்டு, அப்படித்தான் செய்ய வேண்டும். கட்டை நீளத்துக்குப் பேடின் அடியில் 3 மி.மீ., 6 மி.மீ. இடைத்தகடுகள். காம்பை உயர்த்த, ஒட்டும் துணி நாடாவை அடுக்கடுக்காக ஒட்டுங்கள். மெத்தென்ற நுரை அழுந்தி அளவு மாறும் என்பதால் கெட்டியானதே மேல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் நீளம், பிறகு காம்ப் உயரம், அதன் பின் காஸ்ட், பிட்ச். நீளம் மாறினால் கன்னம் படியும் இடமே மாறுவதால் இந்த வரிசை.

பெரிய தாளில் ஒரு புள்ளி வரைந்து 14.6 மீட்டர், அதாவது 16 கஜம் தள்ளி நின்று, குறிபார்க்காமல், துப்பாக்கியைத் தோளுக்கு எடுத்ததும் சுடுங்கள். ஐந்தாறு தோட்டா ஒரே தாளில். ரவைக் கூட்டத்தின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கட்டையில் 1.6 மி.மீ. மாற்றம் இந்தத் தூரத்தில் தாளில் 25 மி.மீ. நகர்த்தும். நடு 50 மி.மீ. தாழ்ந்திருந்தால் காம்பை 3 மி.மீ. உயர்த்துங்கள், 50 மி.மீ. இடப்பக்கம் போனால் காஸ்ட் 3 மி.மீ. போதவில்லை.

நாடாவோடும் தகடோடும் 200 தோட்டாவாவது சுட்டு, அளவு நிலைத்த பிறகு மரத்தைத் தொடுங்கள். அறுக்கும்போது கோட்டைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி, நுண்பல் வாளைப் பயன்படுத்துங்கள். வாள் கீழ்முனையில் வெளியேறினால் அங்கே மரம் சில்லாகப் பெயரும், கீழ்முனையிலிருந்தே தொடங்குங்கள். கணக்குப்படி 13 மி.மீ. குறைக்க வேண்டுமானாலும் முதலில் 10 மி.மீ. மட்டும் எடுத்து, பேடை மாட்டிச் சுட்டுப் பாருங்கள்.